இடது பக்கப் பாத்தி

பிப்ரவரி 9

கட்டுப்போட்ட காலை ஸ்டூல் மேல் தூக்கி வைத்துக்கொண்டு சமையலறைப் பின்வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். இங்கிருந்து பார்த்தால் தோட்டம் முழுக்கத் தெரியும். நடுவே நேராக ஒரு கல்பாதை, மதில் வரைக்கும். பாதைக்கு இடப்பக்கம் தக்காளியும் மிளகாயும். வலப்பக்கம் கத்தரியும் அவரையும். மதிலோரம் துவைக்கிற கல். அச்சாபீஸில் பைண்டிங் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, கட்டட இடிசல் கொட்டிக் கிடந்த இந்த இடத்தில் கல் பொறுக்கி, மண் சலித்து, நானே உண்டாக்கியது. வரிசை கோணினால் எனக்குச் சோறு இறங்காது.

வழுக்கி விழுந்ததும் அந்தத் துவைக்கிற கல் கிட்டத்தான். கட்டுப் பிரிக்கிற வரைக்கும் தோட்டத்தில் இறங்கக் கூடாதாம். அதனால் தண்ணீர் ஊற்றுகிற வேலையை என் வீட்டுக்காரர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். என் வாய்க்குப் பயந்து ஒத்துக்கொண்டார் என்று எழுதினால் இன்னும் சரியாக இருக்கும். காலையில் நான் நொண்டி நொண்டிப் பின்வாசல் வந்து சேர்வதற்குள் ஊற்றி முடித்து, ஹோஸைச் சுருட்டி வைத்துவிடுகிறார்.

இன்று பார்க்கிறேன் - வலப்பக்கம் சொதசொதவென்று கிடக்கிறது. இடப்பக்கம் தக்காளியெல்லாம் தலை தொங்கி நிற்கிறது. கேட்டால், "ரெண்டு பக்கமும்தான் ஊத்தினேன்" என்கிறார். பொய் சொன்னால் காது மடலைத் தடவுகிற மனுஷன். இன்றைக்குத் தடவவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

பிப்ரவரி 11

இன்றும் அதே கதை. மண்ணில்தான் கோளாறு போலிருக்கிறது.

பிப்ரவரி 13

மருமகளைத் தக்காளி வேரடியில் தோண்டிப் பார்க்கச் சொன்னேன். பாவம், ஆபீஸ் போகிற அவசரத்திலும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தோண்டினாள். ஈரமே இல்லை, மாவாக உதிர்கிறது. தண்ணீர் நிற்காத மண்ணாகிவிட்டது என்று முடிவு கட்டினேன். பக்கத்து வீட்டு மரத்து வேர் மதிலுக்கு அடியில் நுழைந்து உறிஞ்சுகிறதோ என்றும் ஒரு சந்தேகம். அந்த வீட்டு டெய்லரம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டே விட்டேன். "உங்க தக்காளிக்குத் தலைவலின்னா என் மரத்துக்கு மாத்திரை குடுக்கணுமாக்கும்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளோடு பேசி ஜெயிக்க முடியாது.

மக்கின எரு வாங்கி வரச் சொல்லி மகனிடம் சொல்லியிருக்கிறேன். அவனும் மருமகளும் மாடியில் இருக்கிறார்கள், விடிந்தால் வேலைக்கு ஓடுகிறவர்கள். பேத்தி வாண்டைப் பள்ளிக்கூடத்தில் கொண்டு விடுவதும் கூட்டி வருவதும் இவர்தான். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து தாத்தா இடுப்பைக் கட்டிக்கொண்டு போவாள். ஆயுசு முழுக்க பஸ் ஓட்டிய மனுஷன், ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகியும் தெருவில் இன்னும் 'டிரைவர் சார்'தான். அந்த ஸ்கூட்டர் மட்டும் இல்லையென்றால் எந்நேரமும் படுத்தே கிடப்பார்.

பிப்ரவரி 18

எருவெல்லாம் போட்டாயிற்று. போன வாரம் மருமகள் நட்டுத் தந்த மிளகாய் நாற்றில் பாதியை இவர் மிதித்துத் தொலைத்திருக்கிறார். செருப்புத் தடம் அப்படியே பதிந்திருக்கிறது. பாதை எவ்வளவு அகலம்! ஒரு கட்டிலைப் போடலாம். அதை விட்டுவிட்டு இடப்பக்கம் ஓரமாக ஏறி மிதித்துக்கொண்டு போவானேன்?

"வழியில நட்டு வெச்சா மிதிபடாம என்ன செய்யும்?" என்கிறார்.

வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டுவிட்டேன். என் மேலிருக்கிற கோபத்தைச் செடி மேல் காட்டுகிறீர்களா, நாலு நாள் எனக்கு ஒத்தாசை செய்தால் கிரீடம் இறங்கிவிடுமா, இப்படியெல்லாம். இவர் மிதிபட்ட நாற்றைக் குனிந்து பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றார். நடிப்பு என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பிப்ரவரி 20

பேச்சு வார்த்தை இல்லை. தபால் எல்லாம் வாண்டு வழியாக. "தாத்தா, பாட்டி சாப்பிட வரச் சொல்றாங்க." "பாட்டி, தாத்தா பசிக்கலைன்னு சொல்றாங்க, ஆனா பசிக்குதுன்னு நினைக்கிறேன்." இந்தக் குட்டிக்கு வாய் யார் வழி வந்தது என்று மருமகள் கேட்டாள். என் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

பிப்ரவரி 24

பின்வாசல் குழாய் பழுது. வாஷர் போய்விட்டது, திருகினால் சுற்றிச் சுற்றி வருகிறது. பிளம்பர் ஊரில் இல்லையாம். அதுவரைக்கும் மதிலோரம் துவைக்கிற கல் பக்கத்துக் குழாயில் ஹோஸை மாட்டச் சொன்னேன், வாண்டு மூலமாக. அங்கே ஆரம்பித்து வீட்டைப் பார்க்க ஊற்றிக்கொண்டு வரட்டும்.

மார்ச் 2

நான் சொன்னேனா இல்லையா? தக்காளி நிமிர்ந்துவிட்டது! இலையெல்லாம் விறைத்துக்கொண்டு, புதிதாகப் பூ வேறு. எரு செய்த வேலை. மாடியிலிருந்து மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். டெய்லரம்மாவையும் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்க்க வைத்தேன். மண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும் என்று அவளிடம் ஒரு சின்னப் பிரசங்கமே செய்தேன்.

கத்தரி மட்டும் கொஞ்சம் சோர்ந்தாற்போல் இருக்கிறது. வெயில் ஏறிவிட்டது, அதனால் இருக்கும்.

மார்ச் 5

இன்றைக்கு எழுத்து கோணல் மாணலாகத்தான் வரும்.

கத்தரி வெயிலில் வாடவில்லை. அவரைக்கொடியும் மஞ்சளடித்துவிட்டது. எரு போட்ட பக்கம் செழித்து, போடாத பக்கம் காய்ந்தால்கூடச் சரி என்று சொல்லலாம். ஆனால் போன மாதம் வரைக்கும் சொதசொதவென்று இருந்த பாத்தி ஆயிற்றே அது? ராத்திரி முழுக்க இதையே நினைத்துக் கிடந்தேன். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று, விடியும் முன்பே சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கதவிடுக்கில் உட்கார்ந்துவிட்டேன்.

இவர் வந்தார். குழாயைத் திறந்தார். மதிலோரத்திலிருந்து என்னைப் பார்க்க ஊற்றிக்கொண்டு வருகிறார். தன் வலது கைப் பக்கம் தக்காளிக்கு ஒவ்வொரு செடியாக, வேரடி பார்த்து, நிதானமாக. பிறகு ஹோஸை மறுபக்கம் நீட்டுகிறார். நீட்டத்தான் நீட்டுகிறார்! தண்ணீர் கல்பாதையிலேயே விழுந்து வழிகிறது. செடி வரைக்கும் போகவில்லை. ஊற்றியாயிற்று என்கிற முகத்தோடு அடுத்த அடி வைக்கிறார். அவரைக்கொடிப் பந்தலின் கால் இவர் இடது தோளில் இடித்தது. திடுக்கிட்டுப் பந்தலை முறைத்தார், யாரோ கொண்டு வந்து நட்ட மாதிரி.

அங்கிருந்து வரும்போது கத்தரிதான் அவருக்கு இடப்பக்கம்.

இங்கிருந்து போகும்போது தக்காளி இடப்பக்கம்.

மண்ணில் ஒன்றுமில்லை. எந்தப் பாத்தி அவருக்கு இடப்பக்கம் வருகிறதோ அது காய்கிறது. இவருக்கு அந்தப் பக்கம் கண் தெரியவில்லை.

கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் ஹோஸைச் சுருட்டி வைத்துவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் வாசலில் ஸ்கூட்டர் உதைக்கிற சத்தம். வாண்டு "டாட்டா பாட்டி" என்று கத்துகிறாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஓட முடியாமல் - கடவுளே. வண்டி திரும்பி வருகிற வரைக்கும் எனக்கு உயிர் என்னிடத்தில் இல்லை.

மார்ச் 6

சொல்லிவிட்டேன். பக்குவமாகத்தான் ஆரம்பித்தேன், ஏங்க, ஒரு தடவை கண் டாக்டரிடம் காட்டிவிடலாமே என்று. இவர் செய்தித்தாளை எடுத்து, கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் வந்திருந்த வரி விளம்பரத்தைக் கடகடவென்று படித்துக் காட்டினார், கண்ணாடி போடாமல். "எனக்கா கண்ணு தெரியலை? உனக்குத்தான் கால் போனதோட சேர்ந்து புத்தியும் போச்சு."

சாயங்காலம் மகனிடம் சொன்னேன். சிரித்தான். "அம்மா, செடி வாடுச்சுன்னா அப்பாவுக்குக் கண்ணு போச்சுன்னு அர்த்தமா?" இப்படிக் கேட்டால் எனக்கே பைத்தியக்காரத்தனமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் நான் பார்த்தேனே!

மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்துக்கு வேறு யார் கொண்டு போவது என்கிற கவலை அவள் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

மார்ச் 7

நடக்கிற வழியில், இவருக்கு இடப்பக்கமாக, சிவப்பு வாளி ஒன்றை வைத்தேன். இடறி விழப் பார்த்தார். கால் கட்டைவிரலில் நகம் பெயர்ந்து ரத்தம். பெற்ற பிள்ளைக்குச் செய்வேனா இப்படி? ஆனால் வேறு எப்படித்தான் நிரூபிப்பது?

"வாளியை வழியில வச்சது யாரு?" என்று கத்தினார். நான்தான் என்றேன். 

மார்ச் 8

ஸ்கூட்டர் சாவியை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன். மாற்றுச் சாவி இருந்திருக்கிறது.

மார்ச் 9

ஞாயிறு. வண்டியைத் துடைக்கிறேன் பேர்வழி என்று மருமகளை ஸ்கூட்டரைச் சுற்றிப் பார்க்கச் சொன்னேன். வலது பக்கம் கடையிலிருந்து வந்த மாதிரி இருக்கிறதாம். இடது பக்கம் மூடியில் நீளமாக உரசல், அந்தப் பக்கக் கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது. இவரிடம் கேட்டதற்கு, நிறுத்தி வைத்த இடத்தில் எவனோ இடித்துவிட்டான் என்றாராம். காது மடலைத் தடவினாரா என்று கேட்டேன். மருமகள் அதைக் கவனிக்கவில்லை.

மார்ச் 10

மத்தியானம் வாண்டு ஷூவைக் கழற்றிக்கொண்டே சொல்கிறாள், ஒரு சைக்கிள் மாமா தாத்தாவைத் திட்டினாராம், தாத்தா அவரைத் திட்டினாராம், சைக்கிள் கீழே விழுந்ததாம், காய்கறிப் பையெல்லாம் கொட்டியதாம். அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

இவரைப் பார்த்தேன். "அவன் திடீர்னு முளைச்சான்" என்றார். குரலே எழும்பவில்லை.

நாளைக்கு என் பிணத்தின் மேல்தான் அந்த வண்டி போகும்.

மார்ச் 11

காலையில் வாசல் கேட்டை மூடி, அதற்குக் குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன், கட்டுப்போட்ட காலை நீட்டி. இவர் வாண்டுவோடு வந்து ஸ்டார்ட் செய்துவிட்டு ஹாரன் அடிக்கிறார். கட்டின பெண்டாட்டிக்கு ஹாரன்! மகன் மாடியிலிருந்து இறங்கி வந்து, தெருவே வேடிக்கை பார்க்கிறது, எழுந்திரு என்று பல்லைக் கடித்தான். டெய்லரம்மா மதிலுக்கு மேல் தலையை வைத்துக்கொண்டு நின்றாள். வாண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

"எத்தனை ஆயிரம் பேரை ஏத்தி இறக்கியிருக்கேன், ஒரு கீறல் உண்டா என் பேர்ல?" என்றார்.

"இல்லைங்க. ஒரு கீறலும் இல்லை. வண்டியை நிறுத்திட்டு ஒரு நிமிஷம் தோட்டத்துக்கு வாங்க. அப்புறம் நீங்க போங்க, நான் தடுக்கமாட்டேன்."

என்ன நினைத்தாரோ, வண்டியை அணைத்தார். மகன் தோளைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். இறங்கக் கூடாத தோட்டத்தில் இறங்கினேன்.

"விடிகாலை ஊத்தினீங்களா?"

"ஊத்தினேன்."

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும்."

"குனிஞ்சு தொட்டுப் பாருங்க."

முதலில் தக்காளிப் பக்கம் தொட்டார். விரல் சேற்றில் புதைந்தது. திரும்பிக் கத்தரிப் பக்கம் கையை வைத்தார். எடுக்கவே இல்லை. உள்ளங்கையால் தடவிக்கொண்டே செடிக்குச் செடி நகர்ந்தார். ஒரு பிடி அள்ளினார். விரலிடுக்கில் புழுதியாக உதிர்ந்தது. மண் உறிஞ்சியிருக்கும் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

பிறகு எழுந்து, பாதை நடுவில் மதிலைப் பார்த்து நேராக நின்றார். இடது கையைப் பக்கவாட்டில் நீட்டி, கட்டைவிரலை உயர்த்தி, மெல்ல மெல்ல முன்னால் கொண்டுவந்தார். வேலையில் இருந்தபோது வருஷா வருஷம் டாக்டர் அப்படித்தான் சோதிப்பாராம், பிறகு சொன்னார். கை வந்துகொண்டே இருந்தது. கிட்டத்தட்ட மூக்குக்கு நேராக வந்த பிறகுதான் அவர் கண் அதைப் பார்த்தது. எங்களுக்கெல்லாம் அது தெரிந்தது. மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சாவியை மகன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். மாற்றுச் சாவியையும் சேர்த்துக் கொடுத்தார்.

ஜெயித்துவிட்டேன். உட்கார்ந்து அழுதேன்.

மார்ச் 14

கண் ஆஸ்பத்திரி. ஒரு பெரிய கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே இங்கொன்றும் அங்கொன்றுமாக வெளிச்சப் புள்ளி மின்னுமாம், தெரிகிறபோதெல்லாம் கையிலிருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும். நான் திரைக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பொத்தான் அழுத்துகிற சத்தம் கேட்டது. டிக். டிக். அப்புறம் ஒன்றுமில்லை. அந்த இடைவெளியில் எத்தனை புள்ளி வந்து போயிற்றோ. அழுத்துங்க, அழுத்துங்க என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றிருக்கிறதாம். இடது கண்ணில் பெரும்பகுதி போய்விட்டது, வலது கண்ணிலும் மூக்கை ஒட்டிய பக்கம் தேய்ந்திருக்கிறது. நேரே பார்ப்பது தெரியும், அதனால்தான் படிக்க முடிகிறது. போனது திரும்பாது. இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம், ஆனால் ஒரு நாள் விடாமல் போட வேண்டும், ஆயுசுக்கும். வண்டி கூடவே கூடாது. டாக்டரம்மா நல்ல மாதிரி, நிதானமாகத்தான் சொன்னார்.

இவர் கேட்டது ஒரே கேள்வி. "எப்பலேருந்து இருக்கும் டாக்டர்?"

"சொல்ல முடியாதுங்க. மூணு நாலு வருஷமாவே மெதுவா நடந்திருக்கும்."

ஆட்டோவில் திரும்பி வந்தோம். வீட்டு வாசலில் இறங்கின பிறகு சொன்னார்: "அப்ப கடைசியா பஸ் ஓட்டினப்பவே..." முடிக்கவில்லை. 

மார்ச் 16

சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். சொட்டு மருந்து போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறார். பாட்டில் மூடி திறக்கவே இல்லை. "போன கண்ணுக்கு எதுக்கு மருந்து?" இருக்கிற கண்ணுக்குங்க என்றேன். "நீ என்னை வேவு பார்த்தே. வாளி வச்சு விழ வச்சுப் பார்த்தே" என்றார்.

ஆமாம், பார்த்தேன், பயந்து செத்துக்கொண்டிருந்தேன் என்று கத்தினேன். மகன் கெஞ்சினான். மருமகள் அழுதாள். வாண்டை அனுப்பினோம். அவளுக்கும் முதுகுதான் பதில்.

அவளை இப்போது பள்ளி வேனில் அனுப்புகிறோம்.

மார்ச் 18

இவருக்கு என் பேச்சு உறைக்காது. கெஞ்சல் உறைக்காது. எது உறைக்கும் என்று யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். கட்டில் பக்கத்தில் போய் நின்று சொன்னேன்: "இன்னிலேருந்து தோட்டத்துக்குச் சொட்டுத் தண்ணி கிடையாது. நீங்க மருந்து போடற அன்னிக்கு நான் குழாயைத் திறக்கறேன். யாரும் திறக்கக் கூடாது."

அசையவில்லை. ஆனால் கேட்டது. முதுகு சொன்னது.

மார்ச் 20

இடப்பக்கமும் வலப்பக்கமும் இப்போது ஒரே மாதிரி. வெயில் கொல்கிறது. அவரைக்கொடி உதிர ஆரம்பித்துவிட்டது. மகன் இரண்டு தடவை வாளியோடு இறங்கினான், இரண்டு தடவையும் திருப்பி அனுப்பினேன். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து தன்னைப் பைத்தியமாக்கப் போகிறார்கள் என்று பொருமிக்கொண்டே மாடியேறினான்.

மார்ச் 21

பின்வாசலில் உட்கார முடியவில்லை. நாற்காலியை முன்னறைக்கு மாற்றிக்கொண்டேன். டெய்லரம்மா வந்தாள். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அவள் குழாயால் பீச்சிவிடுவாளாம், நான் பார்க்காத மாதிரி இருந்தால் போதுமாம். வேண்டாம் என்றேன். "கல்லு மனசுக்காரி" என்றாள். எனக்கா? ஒவ்வொரு செடியும் எந்தக் கிழமை நட்டது என்று தெரியும் எனக்கு. இது வேலைக்காகவில்லை என்றால் செடியும் போய், கண்ணும் போய், நான் என்ன செய்வேன்? வீம்புக்கு வீம்பு என்று இறங்கி எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டேனோ?

மார்ச் 22

தக்காளி போய்விட்டது. இனிமேல் பிழைக்காது.

மார்ச் 23

மத்தியானம் பின்கதவுத் தாழ்ப்பாள் சத்தம். நான் போகவில்லை, முன்னறையிலேயே இருந்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பொறுக்க முடியாமல் நொண்டிக்கொண்டு போனேன்.

கல்பாதையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கத்து மண்ணைத் தொட்டார். உடம்பு முழுவதையும் திருப்பி மறுபக்கத்து மண்ணைத் தொட்டார். காய்ந்த தக்காளித் தண்டை ஒடித்துப் பார்த்தார், படக்கென்று ஒடிந்தது. என்னைப் பார்க்காமலே சொன்னார், "இது உன் உசிரு ஆச்சேடி."

"ஆமா" என்றேன்.

"இதையா காய விட்டே?"

"ஆமா."

"பைத்தியக்காரி" என்றார். எழுந்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கதவு நிலையை இடது கையால் தடவிப் பிடித்து உள்ளே போனார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். மருந்து பாட்டிலோடு திரும்பி வந்தார். மூடியைத் திருகி என்னிடம் நீட்டினார்.

"எனக்கு நேரா விழாது. நீயே போட்டு விடு."

படியில் உட்கார வைத்துத் தலையைச் சாய்த்தேன். முதல் சொட்டுக் கன்னத்தில் விழுந்தது. அடுத்தது கண்ணில். எரிகிறதா என்றேன். எரிகிறது என்றார். கண்ணை மூடியபடியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார், மூடிய கண்ணிலிருந்து வழிந்தது. எல்லாமே மருந்தில்லை.

அப்புறம் குழாயைத் திறந்தார். எங்கே காய்ந்திருக்கிறது என்று சொல்லச் சொன்னார். எல்லா இடமும்தான் என்றேன்.

மார்ச் 29

கத்தரி தப்பித்துவிட்டது. மிளகாயில் பாதி. அவரைக்கொடி பிழைப்பது சந்தேகம். இவர் இப்போது போகும்போது ஒரு பாத்தி, திரும்பும்போது மறு பாத்தி என்று ஊற்றுகிறார், எல்லாமே வலது கைப் பக்கமாக வருகிற மாதிரி. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. காலையும் ராத்திரியும் மருந்து, ஒரு வேளை தவறவில்லை. ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை. ஸ்கூட்டரை மகன் தன் நண்பனுக்குக் கொடுத்துவிட்டான். அது போகிறபோது இவர் குளியலறையில் இருந்தார். வேண்டுமென்றேதான்.

ஏப்ரல் 5

மறுபடி ஆஸ்பத்திரி. அழுத்தம் இறங்கியிருக்கிறது. டாக்டரம்மா சொன்னதை இவர் ஆட்டோக்காரரிடம் ஒரு தடவை, டெய்லரம்மாவிடம் ஒரு தடவை சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. நான்தான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேனே.

ஏப்ரல் 12

கட்டுப் பிரித்தாகிவிட்டது. கால் சூம்பிப் போயிருக்கிறது, செருப்பே பெரிதாக இருக்கிறது. தக்காளி நாற்று வாங்கப் பெரிய ரோட்டைத் தாண்டி நர்சரி வரைக்கும் நடக்கலாம் என்று கிளம்பினேன். நானும் வருகிறேன் என்றார். ஆஸ்பத்திரியைத் தவிர வேறெதற்கும் அவர் வெளியே வரவில்லை இத்தனை நாளாக. நான் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை, பையை மட்டும் அவர் கையில் கொடுத்தேன்.

ரோட்டோரம் வந்து நின்றோம். வண்டிகள் சரசரவென்று போகின்றன. நான் அவருக்கு இடப்பக்கம் வந்து நின்றுகொண்டேன். பஸ் ஓட்டின காலத்தில் கண்டக்டர் விசில் கொடுத்தாலும் நம்பமாட்டாராம். தானே கழுத்தைத் திருப்பி ஒரு தடவை பார்த்த பிறகுதான் வண்டியை நகர்த்துவாராம். அதனாலேயே எந்தக் கண்டக்டருக்கும் இவரைப் பிடிக்காது.

"இடது பக்கம் என்ன வருது?" என்று கேட்டார்.

ஒரு லாரி, போகட்டும் என்றேன். போயிற்று. பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள். அதுவும் போயிற்று.

"ஒண்ணும் இல்லை. வாங்க."

இவர் கழுத்தைத் திருப்பவில்லை. நேராகப் பார்த்தபடியே ரோட்டில் கால் எடுத்து வைத்தார்.